ஈரலில் கொழுப்பு: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். ஸ்கேன் ரிப்போட்டோடு வருகிறவர்கள், டொக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை எல்லாம் மருந்துத் துண்டை நீட்டும்போது என்னிடம் கேட்பார்கள். வரிசை நீண்டிருந்தால் ஒழுங்காகப் பதில் சொல்லவும் முடியாது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கும் டொக்டரோடு பேசித்தான்.

"ஈரலில கொழுப்பு எண்டு எழுதிக் கிடக்கு. அப்பிடியெண்டா என்ன தம்பி?"

சாப்பாட்டில் மிஞ்சுகிற சக்தியை உடம்பு கொழுப்பாக்கிச் சேமிக்கிறது. தோலுக்கடியிலும் வயிற்றைச் சுற்றியும் சேர்ந்தது போக, ஈரலின் கலங்களுக்குள்ளும் அது சேரத் தொடங்கும். நூறு கலத்தில் ஐந்துக்கு மேல் கொழுப்புத் துளி இருந்தால் அது கொழுப்பு ஈரல். பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவோடு நின்றுவிடும். சிலருக்கு ஈரலில் அழற்சி வரும். அவர்களிலும் சிலருக்குத் தழும்பு விழும். அந்தத் தழும்பு பல வருடங்களில் முற்றினால்தான் சிரோசிஸ்.

ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களை 2007 இல் பரிசோதித்த ஆய்வில் 32.6 சதவீதமானவர்களுக்கு, குடியோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. கிட்டத்தட்ட மூன்று பேரில் ஒருவர். உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை.

"நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. பிறகெப்பிடி எனக்கு? சனம் என்ன நினைக்கும்?"

குடியால் வருவதும் உண்டு. ஆனால் இப்போது ஸ்கேனில் தெரிவதில் பெரும்பங்கு சீனி வருத்தம், தொந்தி, பிரஷர், இரத்தத்தில் கூடிய ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு ஆகியவற்றோடு கூடப்பிறந்தது. இன்சுலினின் சொல்லை உடம்பு கேட்காமல் போனால், ஈரல் மாச்சத்தையும் சீனியையும் கொழுப்பாக்கிக்கொண்டே இருக்கும். மச்சம் தொடாதவர்களுக்கும் வரும். சோறு, பாண், சீனி எல்லாம் சைவம்தானே.

சனத்தின் கதைதான் பலருக்கு வருத்தத்தை விடப் பெரிய பாரம். ரிப்போட்டை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் ஒளிக்கும் ரீச்சர்மாரைப் பார்த்திருக்கிறேன். யாராவது கேட்டால் "சீனி, கொலஸ்ட்ரோல் மாதிரி இதுவும் ஒண்டு" என்று சொல்லிவிடுங்கள், அது உண்மையும்கூட. குடித்து வந்தவர்களையும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். வெட்கப்படுகிறவர் டொக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்வார். வைத்தியம் அங்கேயே பிழைத்துவிடும்.

"கிரேட் 2 எண்டா பாதி ஈரல் போயிட்டுதா?"

இல்லை. வயிற்று ஸ்கேனில் ஈரல் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதை வைத்துப் போடுவதுதான் கிரேட் 1, 2, 3. அது கொழுப்பின் அளவு பற்றிய ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான். ஈரலில் தழும்பு இருக்கிறதா என்பதை எஃப்0 முதல் எஃப்4 வரை வேறொரு கணக்கில் சொல்வார்கள். கிரேட் 3 இருந்தும் தழும்பே இல்லாதவர் உண்டு. தழும்பு முற்றிய ஈரலில் கொழுப்புக் குறைந்து தெரிவதும் உண்டு.

ஆகவே கிளினிக்கில் "எத்தனையாம் கிரேட்" என்று கேட்பதை விட "தழும்பு இருக்கா, அதை எப்பிடிப் பாக்கலாம்" என்று கேளுங்கள். வருங்காலத்தைச் சொல்வது தழும்புதான்.

"ஈரல் ரெஸ்ட் எல்லாம் நோர்மல். அப்ப ஸ்கேன் பிழையா?"

இரண்டுமே சரியாக இருக்கலாம். கொழுப்பு ஈரல் உள்ள பலருக்கு, இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற ஈரல் நொதிகளின் அளவுகள் நோர்மலாகவே இருக்கும். நோர்மல் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ரிப்போட்டை அலுமாரிக்குள் போட வேண்டாம்.

தழும்பு இருக்குமா என்று மதிப்பிட, கொழும்புக்கு ஓடுவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது; பெயர் ஃபிப்-4. வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் பிரிக்க வேண்டும். 52 வயது, ஏ.எஸ்.டி. 40, ஏ.எல்.டி. 49, பிளேட்லெட் 250 (ஆயிரக் கணக்கில்) என்றால் 2080 ஐ 1750 ஆல் பிரிக்க 1.19 வரும். 1.3 க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு; 2.67 க்கு மேலே என்றால் ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் என்றால், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கான் போன்ற அடுத்த பரிசோதனை. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2.0 ஆக எடுப்பார்கள். இளம் வயதினருக்கு, முக்கியமாக 35 க்குக் கீழே, இந்தக் கணக்கு அவ்வளவு சரிவராது.

"விடிய எழும்பேக்கயே களைப்பு. வீட்டில சோம்பேறி எண்டு ஏசுறாங்க. ஈரலாலதானா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத கிழமை இல்லை. கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் அன்றாட வாழ்வை ஆகக் கூடுதலாகக் கெடுப்பது களைப்புத்தான். இந்த வருத்தக்காரரின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்விக்கொத்துகளிலும் களைப்புக்குத் தனிப் பகுதி உண்டு. விசித்திரம் என்னவென்றால், ஸ்கேனில் கொழுப்பு எவ்வளவு என்பதற்கும் ஆள் எவ்வளவு களைக்கிறார் என்பதற்கும் நேர்க்கணக்கு இல்லை. கிரேட் 1 காரர் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடப்பார். கிரேட் 3 காரர் கடலுக்குப் போய் வலை இழுப்பார். அதனால் "சின்னக் கொழுப்புத்தானே, நடிக்கிறாய்" என்று வீட்டில் சொல்வது அநியாயம்.

அதேவேளை எல்லாப் பழியையும் ஈரலில் போடுவதும் பிழை. இரத்தச்சோகை, தைரொய்ட் குறைவு, கட்டுப்படாத சீனி, மனச்சோர்வு, எல்லாமே களைப்பைத் தரும். எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறவரா? பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். நித்திரையில் மூச்சுத் தடைப்படும் அந்த வருத்தமும் கொழுப்பு ஈரலும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும். கிளினிக்கில் இதை நீங்களாகத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

களைப்பாக இருக்கும்போது நடக்கச் சொன்னால் கோபம் வரும், தெரியும். ஆனாலும் படுத்துக் கிடந்து இந்தக் களைப்பு ஆறாது. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். வீட்டு வேலையில் பாரமானதை, உடம்பு தெம்பாக இருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

"வலப்பக்க விலாவுக்குக் கீழ ஒரு பாரம். ஈரல் வீங்கி வெடிச்சிடுமா?"

வெடிக்காது. கொழுப்பால் ஈரல் சற்றுப் பெருத்து, அதன் உறை இழுபடும்போது அந்த மந்தமான பாரம் வரலாம். சாப்பிட்ட பிறகு வலப்பக்கம் குத்தி வலித்து, தோளுக்கோ முதுகுக்கோ ஏறினால் பித்தப்பைக் கல்லா என்று பார்க்க வேண்டும். அதைக் காஸ்ட்ரிக் என்று நினைத்து மாதக்கணக்கில் குளிசை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

"அப்ப சோத்தை நிப்பாட்டவா?"

சோற்றை முழுதாக நிறுத்துகிறவர் இரண்டு கிழமையில் கொத்து ரொட்டிக் கடையில் நிற்பார். நிறுத்த வேண்டாம், கோப்பையில் அதன் இடத்தைக் குறையுங்கள். பாதிக் கோப்பை வறையும் மரக்கறியும், கால் கோப்பை சோறு, மிச்சக் கால் கோப்பையில் மீனோ பருப்போ கடலையோ. சிவப்பரிசி நல்லது; ஆனால் சிவப்பரிசி என்பதற்காகக் குவித்துப் போட்டால் பலன் இல்லை.

எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் நான் காணும் சிக்கல் மத்தியானச் சோறு அல்ல. காலையில் பாண், மத்தியானம் சோறு, இரவு புட்டு அல்லது இடியப்பம், இடையில் ரோல்ஸ் என்று நாள் முழுக்க மாவாக இருப்பதுதான். இரவில் இடியப்பத்தின் எண்ணிக்கையைக் குறைத்து, சொதியோடு முட்டையோ மீனோ கீரையோ சேருங்கள். சொதியை இரண்டாம் பாலில் வையுங்கள். தேங்காயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு அளவு கூடினால் ஈரலுக்கு உதவாது. சம்பலை மறக்கச் சொல்லவில்லை, கரண்டியைச் சின்னதாக்கச் சொல்கிறேன்.

மீன் விஷயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். சூடை, கீரி, சாளை போன்ற மலிவான சின்ன மீன்களில் நல்ல கொழுப்பு நிறைய உண்டு. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்துப் பொரிக்காமல் கறியாக்குங்கள். கருவாட்டை, பிரஷர் உள்ளவர்கள் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

"தேத்தண்ணியையும் விடச் சொல்லுவீங்களோ?"

தேத்தண்ணி இருக்கட்டும், சீனிதான் போக வேண்டும். ஒரு தேக்கரண்டி சீனி நாலைந்து கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 40 முதல் 50 கிராம். 25 கிராமுக்குள் நிற்பது மிகவும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டின்பால், பால்மா வேறு. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தாலும் ஈரலுக்கு அது சீனிதான். கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும்.

சீனியில்லாத கோப்பி குடிப்பவர்களின் ஈரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குடிக்கிற பழக்கம் இருந்தால் தொடரலாம். மல்லிக் கோப்பி அந்தக் கணக்கில் வராது. சோடா வாங்கும்போது போத்தலில் உள்ள வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் இந்த நிற அடையாளம் கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு.

"எனக்கு மட்டும் தனிச் சட்டியில உப்புச்சப்பில்லாமச் சமைச்சு வைக்கிறாங்க. சாப்பிடவே மனமில்ல."

தனிச் சட்டியை இன்றே நிறுத்துங்கள். குடும்பம் ஒன்றாக இருந்து சாப்பிடும்போது ஒருவருக்கு மட்டும் தண்டனைச் சாப்பாடு கொடுத்தால் அது நாள்பட நிற்காது. மேலே சொன்ன பதிலில் யாருக்கும் ஆகாதது எது? தகப்பனுக்குச் சீனி, மகனுக்குத் தொந்தி என்று இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். மிளகாய், புளி, மிளகு, கறிவேப்பிலை எதையும் ஈரல் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் அன்னதானம் எல்லாவற்றுக்கும் போங்கள். வாரத்தில் ஒரு நேரச் சாப்பாடு ஈரலை ஒன்றும் செய்துவிடாது. போகாமல் வீட்டில் முடங்குவதுதான் ஆளைத் தின்னும்.

"எவ்வளவு கிலோ குறைக்கவேணும்? எங்க நடக்கிறது, இந்த வெயிலுக்க?"

80 கிலோ ஆளுக்கு 4 கிலோ, அதாவது 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்புக் குறையும். 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்தால் அழற்சி தணியும். 10 க்கு மேல் போனால் தழும்பும் இளகக்கூடும். கிழமைக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். பட்டினி கிடந்து வேகமாக இறக்கினால் பித்தக்கல் வரலாம், அழற்சியும் கூடலாம்.

கிழமைக்கு 150 நிமிடம் வேக நடை. நிறை குறையாவிட்டாலும் நடையால் ஈரல் கொழுப்புக் குறைகிறது, ஆகவே தராசைப் பார்த்து மனம் விட வேண்டாம். வெயில் ஏற முன் டச்சுக் குடாக் கரையிலோ உட்துறைமுக வீதியிலோ நடக்கலாம். கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறி இறங்கினால் நெஞ்சும் தொடையும் சேர்ந்து வேலை செய்யும். (அங்குள்ள மான்களுக்குப் பிஸ்கற் போடாதீர்கள், அவைகளுக்கும் ஆகாது.) முழங்கால் வலிக்காரர் கதிரையில் இருந்து எழும்பி எழும்பி இருந்தாலும் அது பயிற்சிதான்.

"என்னைப் பாருங்கோ, ஒல்லிக்குச்சி. எனக்கும் கொழுப்பாம்!"

எங்கள் தெற்காசிய உடம்பு, வெளியில் ஒல்லியாக இருந்துகொண்டே உள்ளே கொழுப்பைச் சேர்க்கும். அதனால்தான் எங்களுக்கு உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று பார்க்கும் பி.எம்.ஐ.) 23 இலேயே எச்சரிக்கை. அளவுநாடாவை எடுங்கள், ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீற்றருக்கு மேல் இடுப்பளவு இருந்தால் ஒல்லி என்ற பேச்சுக்கு இடமில்லை. பரம்பரையும் ஒரு காரணம். சாப்பாடும் நடையும் உங்களுக்கும் அதேதான்; நிறை மட்டும் குறைவாகக் குறைத்தால் போதும்.

"கிழமைக்கு ஒரு பியர், இல்லாட்டிக் கள்ளு. அது இயற்கைதானே?"

330 மில்லிலீற்றர் சாதாரண பியரில் ஏறக்குறைய 13 கிராம் மதுசாரம். கள்ளிலும் அதே மதுசாரம்தான். தொந்தி, சீனி, மது மூன்றும் சேர்ந்தால் கேடு கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறும். தழும்பு தொடங்கியவர்கள் ஒரு சொட்டும் தொடக்கூடாது. மற்றவர்களும் விடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று தனியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம்; டொக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

"நோன்பு பிடிக்கலாமா தம்பி? கந்தசஷ்டி ஆறு நாளும் இருக்கலாமா?"

கிண்ணியா, மூதூர் ஆட்கள் முதலாவதைக் கேட்பார்கள், நகரத்து அம்மாமார் இரண்டாவதை. வெறும் கொழுப்பு மட்டும் என்றால் விரதத்தால் ஈரலுக்குக் கெடுதி இல்லை. கெடுதி வருவது நோன்பு திறக்கும்போது சர்பத், சம்சா, ரோல்ஸ் என்று அடுக்குவதிலும், பாறணை முடிந்து பலகாரத்தில் இறங்குவதிலும்தான்.

இரண்டு கூட்டம் முதலில் டொக்டரைக் கேட்க வேண்டும். இன்சுலினோ கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற சீனி வருத்தக் குளிசையோ எடுப்பவர்களுக்குச் சீனி ஆபத்தாக இறங்கும். சிரோசிஸ் உள்ளவர்கள் நீண்ட நேரம் வெறும் வயிற்றில் இருப்பதே பிழை, தசை கரைந்துவிடும். படுக்க முன் ஏதாவது சாப்பிடச் சொல்வதும் அதற்காகத்தான்.

"கொலஸ்ட்ரோல் குளிசை ஈரலைத் தின்னுமாமே? நான் நிப்பாட்டிப்போட்டன்."

திரும்பத் தொடங்குவது பற்றி இந்தக் கிழமையே டொக்டரிடம் பேசுங்கள். கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு ஸ்டற்றின் குளிசை பாதுகாப்பானது. இந்த வருத்தக்காரரில் கூடுதலானவர்களின் உயிரை எடுப்பது ஈரல் அல்ல, மாரடைப்பு போன்ற இதய வருத்தங்கள். ஈரலைக் காப்பாற்றுவதாக நினைத்து இதயத்தைக் கைவிடக் கூடாது.

"கீழ்க்காய்நெல்லி, சீந்தில், மெலியிற பவுடர்... எது நல்லம்?"

சித்த வைத்தியத்துக்கு எங்கள் ஊரில் ஆழமான வேர் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பட்டப்படிப்பாகவே படிப்பிக்கிறார்கள். படித்த வைத்தியரிடம் போகிறீர்கள் என்றால் இரண்டு பக்கத்துக்கும் உண்மையைச் சொல்லுங்கள். கீழ்க்காய்நெல்லி காலங்காலமாக மஞ்சட்காமாலைக்குக் கொடுத்துவந்தது. கொழுப்பு ஈரல் வேறு வருத்தம். சீந்தில் எடுத்த சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது இந்தியாவில் பதிவாகியிருக்கிறது.

மீன்கறிக்குப் போடும் கொறக்காப் புளியால் பயமில்லை. அதே இனத்தின் சாற்றை அடர்த்தியாக்கி மெலிய வைக்கும் குளிசையாக விற்பதுதான் ஈரலைக் காயப்படுத்தியிருக்கிறது. சட்டியில் போடும் மஞ்சளுக்கும் அதிகளவு மஞ்சள் கப்சூலுக்கும் அதே வித்தியாசம். விற்கிற ஆள் நானே சொல்கிறேன்: இணையத்தில் வாங்கும் மெலிவுப் பவுடர் வேண்டாம்.

"பக்கத்து வீட்டு ஆளுக்கு ஊசி போட்டு மெலிஞ்சிட்டார். எனக்கும் தாங்கோவன்."

துண்டு இல்லாமல் தர முடியாது. அமெரிக்காவில் அழற்சியோடு எஃப்2, எஃப்3 தழும்பும் உள்ளவர்களுக்கு 2024 மார்ச்சில் ரெஸ்மெற்றிரோம் குளிசையும் 2025 ஓகஸ்டில் செமக்ளுற்றைட் ஊசியும் அனுமதி பெற்றன. தழும்பில்லாத கொழுப்புக்கு இவை தேவையில்லை. ஊசியை நிறுத்தினால் நிறை திரும்புவது வழக்கம். வைற்றமின் ஈ கூடிய அளவில் சிலருக்கு எழுதுவார்கள். நீங்களாக வாங்கி வருடக்கணக்கில் விழுங்க வேண்டாம், நாள்பட எடுத்த ஆண்களில் புரஸ்டேட் புற்றுநோய் சற்றுக் கூடியதாகப் பெரிய ஆய்வொன்று கண்டது.

"காய்ச்சல் வந்தா பனடோல் போடலாமா?"

சிரோசிஸ் இல்லாத வளர்ந்தவர் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை ஆறு மணித்தியால இடைவெளியில் போடலாம். ஒரு நாளில் எட்டைத் தாண்டக்கூடாது. சிரோசிஸ் உள்ளவர், தினமும் குடிப்பவர், உடம்பு மெலிந்தவர் பாதியோடு நிற்க வேண்டும். டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு இபுபுரோபன் வேண்டாம். ஈரல் விஷயத்தையும் வார்ட்டில் முதலே சொல்லிவிடுங்கள்.

"மகளுக்குக் கலியாணம் பேசுறம். ஸ்கேனில சூலகத்தில நீர்க்கட்டியும் ஈரல்ல கொழுப்பும். மறைக்கவா?"

மறைக்க வேண்டிய குற்றம் எதுவும் அவள் செய்யவில்லை. இந்த இரண்டும் ஒரே இன்சுலின் சிக்கலின் கிளைகள், அதனால்தான் சேர்ந்து வருகின்றன. பிள்ளை பெறுவதற்குத் தடை என்று இதை எடுக்கத் தேவையில்லை. ஆனால் கர்ப்பகாலத்தில் சீனியும் பிரஷரும் ஏறும் வாய்ப்புக் கூட. ஆகவே குடும்பநல மாதுவிடம் முதல் வருகையிலேயே சொல்ல வேண்டும். யாரிடம் எப்போது சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

"இரவில நித்திரை வருகுதில்ல. கான்சராகுமோ எண்டு யோசனை."

தழும்பில்லாத கொழுப்பு ஈரலில் புற்றுநோய் அரிது. சிரோசிஸ் வந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து கவனிப்பார்கள். நடுச்சாமத்தில் யூடியூப்பில் ஈரல் வீடியோ பார்ப்பதை நிறுத்துங்கள். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடும் நித்திரையும் குழம்பிக் கிடந்தால் அதற்கும் கிளினிக் உண்டு; இந்த வருத்தக்காரரில் மனச்சோர்வு மற்றவர்களை விடக் கூடுதலாகவே காணப்படுகிறது.

நேரே வைத்தியசாலைக்கு ஓட வேண்டியது இவற்றுக்கு: கண் மஞ்சளாதல், வயிறு நீர் கோத்து உப்புதல், இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், திடீர்த் தடுமாற்றமும் குழப்பப் பேச்சும்.

"கிரேட் 2 இருந்தது 1 ஆயிட்டுது. இனிக் கிளினிக்கை விட்டிடலாமா?"

சந்தோஷமான செய்தி. ஆனால் நிறை திரும்பினால் கொழுப்பும் திரும்பும். தழும்பு அபாயம் குறைவானவர்கள் ஃபிப்-4 கணக்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், சீனி உள்ளவர்கள் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் பார்த்துக்கொள்ளலாம். மாதத்துக்கு மாதம் ஸ்கேன் தேவையில்லை. பழைய ரிப்போட்டுகளைத் திகதி வரிசையில் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள்; மழைக்காலத்தில் பொலித்தீன் பையில் போட்டு.